உச்சியில் ஒரு செல்ஃபி

ரங்கநாதரைக் காவிரிக் கரையில் இறக்கிவைத்துவிட்டு, துரத்தி வந்த விபீஷணனுக்குத் தப்பி ஓடிய பிள்ளையார், திருச்சி மலைக்கோட்டையை ஒரே மூச்சில் ஏறியிருக்க வேண்டும். அதுவும் அந்தத் தொந்தியோடு! நம் ஆட்களோ தாயுமானவர் சன்னதி வருவதற்குள்ளேயே, “கொஞ்சம் வேடிக்கை பார்த்துட்டுப் போலாம்” என்று படியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே பார்ப்பதற்கு இருப்பது சுவர்தான்.

உச்சியில் காற்று ஆளையே தள்ளுகிறது. கீழே தெப்பக்குளம், வடக்கே காவிரி, அதற்கப்பால் 1987-இல் கட்டி முடித்த 236 அடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். அத்தனைக்கும் முதுகைக் காட்டியபடி ஒரு குடும்பம் செல்ஃபி எடுக்கிறது. “ஏங்க, கோபுரம் விழல, தள்ளி நில்லுங்க.” கணவர் தள்ளி நின்றார். கோபுரம் விழுந்தது, காவிரி மறைந்தது. சற்றே அகலமான மனிதர்.

பாறையில் ஆணியால் கீறிய அம்புவிட்ட இதயங்களைப் பார்த்து ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். கீழே உள்ள குடைவரையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனும் 7-ஆம் நூற்றாண்டில் தன் பட்டப்பெயர்களை வெட்டிவைத்திருக்கிறான் என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்தக் குடைவரைக் கல்வெட்டில் இன்னொரு சேதியும் உண்டு. தரையில் இருந்துகொண்டு சோழநாட்டையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவபெருமான் கேட்டாராம். உடனே மலைமேல் இடம் ஒதுக்கினான் பல்லவன். வியூ பாயிண்ட் கேட்டு வாங்கிய முதல் பார்வையாளர் அவர்தான். ஆற்றில் தண்ணீர் வருஷம் பூரா ஓடுமா என்றும் அப்போதே எழுதி வாங்கியிருக்கலாம்.