எண்ணெய் வாங்கிய துண்டு

அமெரிக்கச் சுங்கவரி அட்டவணையின் 58ஆம் அத்தியாயத்தைப் படிக்காமல் யாரும் கண்ணை மூடிவிடக் கூடாது. மேலே நூல் எழுந்து நிற்கும் பருத்தி நெசவுகளுக்கு அங்கே தனி ராஜாங்கமே நடக்கிறது. கார்டுராய் தெரியுமல்லவா, கோடு கோடாகப் புடைத்திருக்குமே? சென்டிமீட்டருக்கு ஏழரைக் கோட்டுக்கு மேல் இருந்தால் வரி 10 சதவீதம். இல்லையென்றால் 20. அரைக் கோட்டை எப்படி எண்ணுவது என்று கேட்காதீர்கள். ஏழரை என்றாலே யார் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாதா! ஊடையில் எழுப்பிய கண்ணியை வெட்டாமல் விட்ட துணிக்கு 20.2. அந்தப் புள்ளி இரண்டுக்காக எந்த மகானுபாவர் இரவெல்லாம் விழித்தாரோ. டர்க்கி டவல் துணியாக வந்தால் 5802. ஓரம் மடித்துத் தைத்துவிட்டால் அத்தியாயமே மாறி 6302, வரி 9.1.

இப்படிப் பூதக்கண்ணாடி வைத்து நூல் எண்ணிய தேசம், 2025 ஆகஸ்டில் கண்ணாடியை வீசிவிட்டு உலக்கையைத் தூக்கியது. 7ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம். 27ஆம் தேதி இன்னொரு 25. இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குகிறதாம், அதற்கு அபராதம். ஆக, கரூரில் தைத்த டர்க்கி டவலுக்கு அப்போது 59.1 ஆனது. அந்தப் புள்ளி ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள் பாருங்கள், அதுதான் நிர்வாகம். வரியைக் கட்டவேண்டிய அமெரிக்க இறக்குமதியாளர் கரூர்க்காரரைப் பார்த்து, விலையைக் குறை என்றார். எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்க்காத தறி ஓட்டுபவர் தலையில்தான் கடைசியில் அது வடிந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் பூட்டும் ஐபோனுக்கு இந்த இரண்டு வரியும் இருக்கவில்லை. எண்ணெய் அபராதத்தில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட அதே ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஆப்பிளின் டிம் குக் 24 காரட் தங்கப் பீடத்தில் நிறுத்திய கண்ணாடித் தட்டு ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். கரூர்க்காரர்கள் ஒரு டவலைப் பொன்னாடையாகப் போர்த்தியிருக்கலாம். அதற்கும் 59.1 கேட்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் எங்கள் ஃப்ரீமான்ட் ஊர்த் தமிழர்களுக்கும் ரோஷம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு ஆகஸ்ட் 29இல் போனது. அதற்கு முன்பே இந்திய அஞ்சல்துறை பெரும்பாலான பார்சல்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. ஐயோ, தீபாவளி முறுக்கு! வாட்ஸ்அப்பில் விடிய விடிய ஒப்பாரி. கரூர்த் தறி பற்றிய செய்தியை ஒருவர் அனுப்பினால் அழுகிற பொம்மை ஒன்று, அடுத்த நிமிடம் மறுபடி முறுக்கு. "இந்தியா ஏன் சார் அந்த எண்ணெயை வாங்கணும்?" என்று நியாயம் பேசியவர்களும் உண்டு, பச்சை அட்டை வரிசையில் நிற்பவர்கள், பாவம், நல்ல பிள்ளையாக இருந்துதானே ஆகவேண்டும்.

இந்தியாவைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கிய சீனாவுக்கு அந்த அபராதம் இருக்கவில்லை. அவர்களிடம் அருமண் காந்தம் இருக்கிறது. காந்தம் வராவிட்டால் எங்கள் ஊர் டெஸ்லா ஆலையே திண்டாடும். துண்டு வராவிட்டால் யாருக்கு என்ன? பழைய துண்டிலேயே துடைத்துக்கொள்வோம்.