குறிஞ்சிக்கு ஊர்தி ஜீப்: செண்பகனூர் வண்டிகளின் ஆல்ட்ரேசன் குறித்து ஓர் ஆய்வுரை

குறிஞ்சித் திணைக்குக் கருப்பொருள் வகுத்த இலக்கணிகள் கெட்டிக்காரர்கள். தெய்வம் முருகன், உணவு தினை, மரம் வேங்கை, பறை தொண்டகம், பறவை மயிலும் கிளியும் என்று வரிசையாக எழுதி வைத்தார்கள். ஊர்தி என்று ஒரு வகையை மட்டும் சேர்க்கவில்லை. முருகனுக்குத்தான் மயில் இருக்கிறதே, மற்றவர்கள் நடக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். நெடுங்காலமாக நீடிக்கும் இந்தக் குறையைப் போக்கி, குறிஞ்சிக்கு ஊர்தி ஜீப் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். கம்பெனியிலிருந்து வந்த உருவத்தில் அந்த ஜீப் ஏன் ஒரு வருஷம்கூடத் தங்குவதில்லை என்பது துணைக் கேள்வி. துணைக் கேள்விதான் பெரியது என்பது போகப் போகத் தெரியும்.

களம் செண்பகனூர். வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி, கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பழகிய மண். 1895இல் இங்கே திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கிய இயேசு சபையினர் பூச்சி, பாம்பு, பறவை, ஆர்க்கிட் என்று மலையில் கண்டதையெல்லாம் சேர்த்து அருங்காட்சியகம் அமைத்தார்கள். ஆங்லேட் பாதிரியார் பழனி மலையின் கல்திட்டைகளை அளந்து, நியூட்டனோடு சேர்ந்து 1928இல் நூலாகவே கொண்டுவந்தார். பின்னால் வந்த மேத்யூ பாதிரியார் இம்மலையின் செடிகொடிகளை ஒன்றுவிடாமல் பட்டியலிட்டார். இத்தனை பேர் இத்தனை ஆண்டு ஆராய்ந்தும், வாசல் வழியே தினமும் உறுமிக்கொண்டு போன ஓர் இனம் எவர் கண்ணிலும் படவில்லை.

இதன் முன்னோர் டோலி. சாலை வருமுன் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து வெள்ளைக்காரர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். நாலு ஆள், எட்டுக் கால், எல்லாக் காலுக்கும் இழுவை. அதாவது ஃபோர் வீலைவிட இரண்டு மடங்கு. மோட்டார் வண்டி ஏறும் சாலை வந்தது முதல் உலகப் போர்க் காலத்தில். ஜீப் அடுத்த போருக்காக 1941இல் பிறந்தது. மகிந்திரா 1947இல் பம்பாயில் அதைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு மேஜர், கமாண்டர், எம்.எம். 540, மார்ஷல், 2010இல் தார் என்று வம்சம் பெருகியது. வம்ச வரலாறு இவ்வளவு போதும். மலையில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், ‘ஜீப்பு’.

கல்திட்டையைப் பார்த்துப் பழைய மக்களை ஊகித்தது ஆங்லேட் பாதிரியாரின் முறை. அதையே இங்கும் கைக்கொண்டோம். ஒரு கமாண்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், தகரத்தில் பட்டி வைத்து அடைத்த நாலு துளை. முன்னாளில் அங்கே ஏதோ முடுக்கியிருந்து கழற்றியிருக்கிறார்கள். அதற்குக் கீழே, இரும்புக் கோணத்தை வெட்டி வெல்டிங் வைத்த ஒரு படி. வழக்கமான உயரத்தைவிட அரை முழம் தாழ்வு. படிக்கு நேர் மேலே ஒரு கைப்பிடி, சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியது. ரப்பர் ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. தேய்மானத்தின் உயரத்தைப் பார்த்தால் பிடித்தவர் குள்ளம், இடது கைப் பழக்கம். ஊகம் சரியா என்று வண்டிக்காரரைக் கேட்டோம்.

“அண்ணே, அது ஆல்ட்ரேசன்லாம் இல்லண்ணே. வெளக்கடி வீட்டு ஆத்தாவுக்கு வலது முழங்கால் மடங்காது. அதான் ஒரு படி வச்சு விட்டேன்.”

இதிலிருந்து இக்கட்டுரையின் முதல் துணிபு பிறக்கிறது: மலை ஜீப்பில் மாற்றியமைத்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். எதிரெதிராகப் போட்ட பெஞ்சு பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது. கூரைமேல் கம்பிக் கேரியர் கேரட் மூட்டைக்காரருடையது. பக்கவாட்டில் தொங்கும் கொக்கி பால் கேனுக்கு. வண்டியின் சொந்தக்காரர் தனக்கென்று செய்துகொண்டது எது என்று தேடினோம். டேஷ்போர்டில் ஒரு பழனி ஆண்டவர் படம் கிடைத்தது. அதையும் மாமனார் ஒட்டியதாகச் சொன்னார்.

ஏன் இப்படி? அறிஞர் உலகின்முன் ‘சுமைவட்டக் கோட்பாடு’ ஒன்றை வைக்கிறோம். முதலில் உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. கம்பெனி கொடுத்த கமான் பட்டை தாழ்ந்துபோகிறது. பட்டறையில் கூடுதலாக ஒரு பட்டை செருகுகிறார்கள். இப்போது சுமையோடு வண்டி அசையாமல் போகும். ஆனால் பட்டை கூடினால் விறைப்பு கூடும். வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒவ்வொரு கல்லும் ஓட்டுகிறவர் முதுகெலும்பில் எண்ணப்படும். ஆகவே அவர் ஆள் ஏற்றுகிறார். தருமத்துக்காக அல்ல, தன் இடுப்புக்காக. ஆள் ஏறினால் உட்கார பெஞ்சு வேண்டும். பெஞ்சு இருந்தால் வயசானவர்கள் வருவார்கள், படி வேண்டும். படி இருப்பது தெரிந்தால் மறுநாள் இன்னும் நாலு பேர் நிற்பார்கள். பட்டை மறுபடி தாழும். தினசரி சொந்த உபயோகத்துக்கென்று வாங்கிய வண்டி ஊருக்கு உடைமையாகும் வழி இதுதான். இதில் பரோபகாரம் எங்கும் நுழையவில்லை என்பது இக்கோட்பாட்டின் தனிச் சிறப்பு.

கருப்பொருள் முடிந்தது. உரிப்பொருளில்தான் சிக்கல். குறிஞ்சிக்கு உரியது புணர்தல். கிளட்சும் கியரும் கூடும் கணத்தைக் கொண்டு இதை எளிதில் நிறுவலாம். ஆனால் ஜீப் ஒரே நாளில் ஐந்து திணைக்கும் உரியதாக நடந்துகொள்கிறது. மார்கழிப் பனியில் விடியற்காலை செல்ஃப் எடுக்காமல் முரண்டு பிடிப்பது ஊடல், அது மருதம். அதற்காகவே வண்டியை இரவில் சரிவில் நிறுத்தி, டயருக்குக் கல் வைப்பது மரபு. காலையில் கல்லை எடுத்து உருட்டிவிட்டால் ஊடல் தீரும். ஆள் நிறையும்வரை முக்கில் நிற்பது இருத்தல், ஆகவே முல்லை. பாதி வழியில் சைலன்சர் கழன்று தனி வழி போவது பிரிதல். பட்டறையில் பில் வந்ததும் சொந்தக்காரர் கொள்வது இரங்கல். கடலே இல்லாத ஊரில் நெய்தல் எப்படி என்று கேட்பவர்கள், ஒரு கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றிய பில்லைப் பார்த்துவிட்டு வரலாம்.

திணைமயக்கம் தனியே பேச வேண்டியது. சனிக்கிழமைதோறும் சமவெளியிலிருந்து சில வண்டிகள் ஏறி வருகின்றன. இ-பாஸ் வந்த 2024க்குப் பிறகும் குறைந்தபாடில்லை. அகல டயர், மூக்கில் விஞ்ச், நெற்றியில் பட்டை விளக்கு, ஆறு நீந்தப் போகிறவர்போல் மூச்சுக்குழாய். இவற்றில் சேறு மட்டும் இருக்காது. பெரிய டயர் போட்டால் கியரின் இழுவை குறையும், பிரேக்கின் பிடியும் குறையும். ஏறும்போது முதலாவது தெரியும், இறங்கும்போது இரண்டாவது. டம்டம் பாறைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலை வரும் கருகல் வாசனை பிரேக் லைனிங்குடையது. உள்ளூர் வண்டி அதே இறக்கத்தில் செகண்ட் கியரில் முனகிக்கொண்டு, பிரேக்கைத் தொடாமல், கூரையில் பூண்டு மூட்டையோடு போகும். சமவெளிக்காரர் வண்டியில் இன்னும் நடக்காத ஒன்றுக்காகச் சேர்க்கிறார். மலைக்காரர் நேற்று நடந்ததற்காகச் சேர்க்கிறார். இரண்டுக்கும் பெயர் ஆல்ட்ரேசன்தான்.

கறுப்புப் புகை பற்றி ஒரு வரி. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 78 சதவீதம். டர்போ இல்லாத பழைய டீசல் என்ஜினுக்குக் காற்று போதாது, வரும் டீசல் முழுதும் எரியாது. அதனால் பம்பில் டீசலைக் குறைத்து வைப்பார்கள். இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் பின்னால் ஆள் இல்லை.

எஞ்சியிருப்பது சட்டம். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது, 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. ஆர்.சி. முதலில் 15 ஆண்டில் முடிகிறது, பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. குறிஞ்சி பூத்தால் மலை நிறம் மாறும், ஆர்.சி. முடிந்தால் வண்டி கம்பெனி நிறத்துக்குத் திரும்பும். கேரியர் ஒரு வீட்டுக் கொல்லையிலும் பெஞ்சு இன்னொரு வீட்டுத் திண்ணையிலும் ஒரு வாரம் தங்கிவிட்டு வரும். தயாரித்தவர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு.

நாம் ஆராய்ந்த கமாண்டரில் எட்டு மாற்றங்கள். கணக்கு 40,000 ரூபாய். முதல் துணிபின்படி இதைச் சம்பந்தப்பட்ட ஆட்களிடம் பிரித்து வசூலிப்பதே முறை. கேரியரைக் கேரட்காரரும் கொக்கியைப் பால்காரரும் ஏற்பார்கள். படிக்கும் கைப்பிடிக்குமாக 10,000 ரூபாயை வெளக்கடி வீட்டு ஆத்தாவிடம் கேட்க வேண்டும். வண்டிக்காரர் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அருங்காட்சியகத்திலிருந்து யாரையாவது அனுப்பலாம்.