ஆறு குண்டும் ஒரு நாடாவும்: சமவாய்ப்பு மாறிகள் பற்றிய புதுச்சேரி ஆய்வு

சமவாய்ப்பு மாறி இரு வகைப்படும். எண்ணிக் கிடைப்பது தனிநிலை மாறி, அளந்து கிடைப்பது தொடர் மாறி. பாடநூல்கள் இதற்காக நாணயம் சுண்டும், பகடை உருட்டும். புதுச்சேரியில் அந்தப் பாடெல்லாம் வேண்டாம். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்கள் பெத்தாங் ஆடும் இடத்தில் சற்று நேரம் நின்றால் இரண்டும் கண்ணில் படும். பிரெஞ்சு ஆட்சி 1954இல் கைமாறியது. ஆட்டம் இன்னும் ஊரில்தான் இருக்கிறது.

ஆட்டக்களத்தில் 6 முதல் 10 மீட்டர் தள்ளி 30 மி.மீ. விட்டமுள்ள குட்டிக் குண்டு ஒன்றை எறிவார்கள். பிறகு இரும்புக் குண்டுகளை அதன் அருகே போட வேண்டும். எதிரணியின் மிக நெருங்கிய குண்டைவிட நெருக்கமாகக் கிடக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி. முதலில் 13 எட்டும் அணிக்கு வெற்றி.

மூவர் அணிக்கு ஆறு குண்டு. ஆகவே ஒரு சுற்றை வெல்லும் அணி 1 முதல் 6 புள்ளி வரை பெறும். மூன்றரைப் புள்ளிக்கு யாரும் சண்டையிட்டதில்லை. இது தனிநிலை மாறி. தனிநிலை என்றாலே மதிப்புகளுக்கு ஓர் எல்லை இருக்கும் என்பது பரவலான பிழை. ஓர் ஆட்டத்தின் சுற்று எண்ணிக்கையைப் பாருங்கள்: ஆட்டம் முடியக் குறைந்தது மூன்று சுற்று வேண்டும் (6, 6, 1). புள்ளி விழும் சுற்றுகள் 25ஐத் தாண்டா. ஆனால் இடையில் வரும், யாருக்கும் புள்ளி தராத செல்லாத சுற்றுகளுக்கு உச்சவரம்பு இல்லை. அப்போதும் சுற்றுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத்தான் முடியும் என்பதால் மாறி தனிநிலையே. வீட்டில் காத்திருப்போரின் பொறுமைக்கு வரம்பு உண்டு. அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

குண்டின் எடை 650 முதல் 800 கிராம். மேலே முழு எண் பொறித்திருப்பதைக் காட்டி அதையும் தனிநிலை என்பார் வாதம் நிற்காது. முழு எண்ணாக இருப்பது பொறிப்பு, எடை அன்று.

மெய்யான சிக்கல் தூரத்தில் இருக்கிறது. குட்டிக் குண்டிலிருந்து 12 செ.மீ.க்கும் 13 செ.மீ.க்கும் நடுவே முடிவற்ற மதிப்புகள் உண்டு. எனவே தூரம் துல்லியமாக இன்ன மதிப்பாக அமைவதற்கான நிகழ்தகவு பூச்சியம். இத்தனை முதல் இத்தனை வரை என்று கேட்டால்தான் அடர்த்திச் சார்பு பதில் சொல்லும். இக்கணக்குப்படி, இரு அணிகளின் குண்டுகள் சமதூரத்தில் கிடப்பதற்கும் நிகழ்தகவு பூச்சியம். ஆனால் பன்னாட்டு விதிநூல் அதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது: நெருங்கிய இரு எதிரணிக் குண்டுகள் சமதூரத்தில் இருந்து, போடக் குண்டும் மிச்சமில்லை என்றால், அந்தச் சுற்று செல்லாது. விதி எழுதியவர்களுக்குக் கணிதம் தெரியாது என்று முடிவு கட்டக்கூடாது. அவர்களுக்கு அளவு நாடா தெரியும். நாடா மில்லிமீட்டரோடு நின்றுவிடும், அதில் படித்த தூரம் தனிநிலை ஆகிவிடும்.

குண்டு குட்டியை ஒட்டி நின்றுவிட்டால் பாகுபாடே ஆட்டம் காண்கிறது. தூரம் சரியாகப் பூச்சியம். இது நடக்காத காரியமும் அன்று. அந்த ஒரு மதிப்பில் மட்டும் நிகழ்தகவு கொஞ்சம் குவிந்துகிடக்க, மீதி தொடர்ச்சியாகப் பரவிக்கிடக்கிறது. இத்தகையதைக் கலப்பு மாறி என்பர். இரு அணிகளின் குண்டுகளும் இப்படி ஒட்டி நின்று, எவர் கையிலும் குண்டு இல்லையென்றால், நாடாவுக்கு வேலையில்லை; அந்தச் சுற்றும் செல்லாது.