எடிங்டன் வாங்கித் தந்த அரை மணி நேரம்

ஆர்தர் எடிங்டனைப் போல ஓர் இளைஞனை அருகிருந்து கவனித்த பேராசிரியர்கள் குறைவு. 1934-இன் கடைசி மாதங்களில், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சுப்பிரமணியன் சந்திரசேகரின் அறைக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவைகூட அவரே நடந்து வருவார். உலக வானியலில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத காலம் அது. சந்திராவுக்கு வயது 24. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது, போட்டியில் வென்றதற்குப் பரிசாக எடிங்டனின் புத்தகத்தையே கேட்டு வாங்கியவர். அப்படிப்பட்டவரின் அறைக்கு எடிங்டனே வந்து, கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார்; தாள்களைப் புரட்டிப் பார்த்தார். கையால் சுழற்றிக் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்று கிடைக்கவும் அவரே வழிசெய்தார். அந்தக் கணக்கின் அடிப்படையையே தாம் ஏற்கவில்லை என்பதை மட்டும் அத்தனை மாதமும் சொல்லவில்லை. வேலை நடுவில் நின்றுபோகாமல் முழுதாக முடிந்தது அதனால்தான்.

வேலை சிறியதல்ல. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி வெண்குறுமீனாக அடங்கிவிடும் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே சந்திரா வேறொன்றைக் கண்டிருந்தார். நெருக்குண்ட எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது, ஈர்ப்பைத் தாங்க அவற்றின் அழுத்தம் போதாது. ஆகவே வெண்குறுமீனின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. இன்றைய கணக்கில் அது சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்டது சுருங்கிக்கொண்டே போகும்.

எடிங்டனின் அறிவார்வத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. முதல் உலகப் போர் ஓய்ந்த கையோடு, 1919-இல் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிப்பித் தீவுக்குக் கப்பலேறிப் போய், மேகங்களுக்கு நடுவே கிரகணத்தைப் படமெடுத்து வந்தவர். பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனின் கணக்கு சரிதானா என்று பார்க்கத்தான் அந்தப் பயணம். ஜெர்மன் என்றாலே முகம் சுளித்த இங்கிலாந்தில், குவேக்கர் நெறியில் வளர்ந்த அவர் அறிவுக்கு எல்லைக்கோடு கிடையாது என்று நின்றார். பகைநாட்டு அறிஞருக்காகக் கடல் தாண்டிய அந்த மனம் நான் வணங்கும் மனம். சந்திராவுக்காக அவர் கடல் தாண்ட வேண்டியிருக்கவில்லை. இருவரும் ஒரே கல்லூரி. அந்தத் தூரத்தையும் அவர் சலிக்காமல் நடந்தே கடந்தார்.

1935 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. லண்டன் பர்லிங்டன் ஹவுஸில் அரச வானியல் கழகத்தின் கூட்டம். அங்கே ஒருவருக்கு வழக்கமாகக் கிடைப்பது 15 நிமிடம். சொல்ல நிறைய இருக்கிறதே என்று, செயலாளரிடம் பேசிச் சந்திராவுக்கு அரை மணி நேரம் வாங்கித் தந்தவர் எடிங்டன். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது அதை அவரே தெரிவித்தார். சந்திராவுக்கு அடுத்துப் பேசப்போவது தாம்தான் என்பது நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அதில் என்ன சொல்லப்போகிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்துக்கு முன் தேநீர் வேளையில் ஒருவர் அதைக் கேட்டேவிட்டார். எடிங்டன் சந்திரா பக்கம் திரும்பிப் புன்னகைத்து, அது உனக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்றார்.

அவையறிந்து பேசுவதில் அவருக்கு இணை அன்று யாருமில்லை. இந்தக் கூட்டத்திலிருந்து உயிரோடு தப்புவேனோ தெரியவில்லை என்று பேச்சின் ஆரம்பத்திலேயே சொன்னார். அந்த ஒரு வரியிலேயே அவை அவர் கைக்குள் வந்தது. எந்த இடத்தில் சிரிப்பார்கள், யாருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறர் மனத்தை அறிவது தலைமைக்கு வேண்டிய முதல் குணம் என்கிறார்கள். அந்த அறையில் இருந்த ஒவ்வொரு மனத்தையும் அவர் அறிந்திருந்தார், அந்த இளைஞனின் மனம் உட்பட.

அவர் பேச்சின் சாரமும் சாதாரணமானதல்ல. சந்திரா சொல்வது சரியென்றால் நட்சத்திரம் சில கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கும், அதன் ஈர்ப்பு ஒளியையே வெளியே விடாது என்று தெளிவாகச் சொன்னார். இன்று நாம் கருந்துளை என்று சொல்வதை 1935-இலேயே அவையின் நடுவில் படம்பிடித்துக் காட்டினார். காட்டிவிட்டு, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். அவை சிரித்தது. பதில் சொல்லச் சந்திராவுக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. எடிங்டனின் வாதங்களை நன்றாக எடைபோட்ட பிறகே விவாதிக்க வேண்டும் என்றார் தலைவர். வெளியே வந்தபோது பலர் சந்திராவை நெருங்கி, அடடா, பாவம் என்று ஆறுதல் சொன்னார்கள். கணக்கில் பிழை எங்கே என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

மற்ற பெரியவர்களின் பண்பையும் சொல்லாமல் விடக்கூடாது. சந்திரா கோபன்ஹேகனில் இருந்த இயற்பியலாளர்களுக்கு எழுதிக் கேட்டார். எடிங்டன் சொல்வதில் பொருளில்லை என்று ரோசன்ஃபெல்டும் நீல்ஸ் போரும் கருதினார்கள். அதைத் தனிக்கடிதத்தில் மட்டும் சொன்னார்கள். பௌலிக்கும் சந்திரா பக்கமே நியாயம் தெரிந்தது; அவரும் இடையில் வர விரும்பவில்லை. அதே ஆண்டு கோடையில் பாரிஸில் நடந்த வானியலாளர் கூட்டத்தில் எடிங்டன் ஒரு மணி நேரம் பேசினார். பதில் சொல்ல அனுமதி கேட்டுச் சீட்டு அனுப்பிய சந்திராவிடம், வேண்டாமே என்றார் தலைமை வகித்த ரஸ்ஸல். எடிங்டனின் கருத்தைத் தாங்களும் நம்பவில்லை என்று அந்த ரஸ்ஸலே சந்திராவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். மூத்தவர் ஒருவர் மனம் கோணக்கூடாது என்பதில் இத்தனை பேர் ஒரே குரலாக இருந்தார்கள்.

எடிங்டன் மனத்தில் பகை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பிறகும் நட்பாகவே பழகினார். சந்திரா அமெரிக்கா போன பின்னும் தம் சைக்கிள் பயணங்களைப் பற்றிக் கடிதம் எழுதினார். வரம்பு பற்றி ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வதைத் தவிர எல்லாம் செய்தார். 1937-இல் விஸ்கான்சினின் யெர்க்ஸ் ஆய்வகம் போய்ச் சேர்ந்த சந்திரா, 1939-இல் எல்லாவற்றையும் ஒரு நூலாக எழுதி முடித்து, வேறு துறைக்கு நகர்ந்தார். கருந்துளைகளின் கணிதத்துக்கு அவர் திரும்பியது 1970-களில். நோபல் பரிசு 1983-இல், 73 வயதில்.

எடிங்டன் 1944-இல் இறந்தபோது சந்திரா அவரைப் போற்றி அஞ்சலியுரை ஆற்றினார். எடிங்டனின் நூற்றாண்டான 1982-இல் கேம்பிரிட்ஜுக்கே போய் மீண்டும் உரையாற்றினார். அது நூலானபோது, அவர் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலாளர் எடிங்டன் என்று தலைப்பிலேயே வைத்தார். அந்த உரையில் 1935-இன் சர்ச்சையையும் மறைக்காமல் விவரித்தார்; எடிங்டனின் வாதம் என்ன, தம் வாதம் என்ன என்று இரண்டையும் சபை முன் வைத்தார். இம்முறை எடிங்டனின் தரப்புக்கும் நேரம் ஒதுக்கியவர் சந்திரா.