ஈசனே படுத்துவிட்டார், இரும்பு எம்மாத்திரம்?

பிச்சாட்டூர் அணையில் மதகைத் தூக்கினால் ஆரணியாற்றுத் தண்ணீர் சுருட்டப்பள்ளியைத் தாண்டி ஊத்துக்கோட்டைக்கு வரும். அந்தச் சுருட்டப்பள்ளியில் ஈசன், ஆலகால விஷம் குடித்த அசதியில் அம்மன் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். உலகத்தைத் தாங்குகிறவருக்கே அசதி உண்டென்று நம்மவர்கள் சிலை வடித்துவிட்டார்கள். ஐரோப்பாவின் பொறியாளர்களோ, 'இரும்புக்கு என்னய்யா களைப்பு?' என்று வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1842-இல் வெர்சாய் பக்கம் ரயில் இன்ஜினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நேற்றுவரை ஓடிய அச்சு இன்று ஏன் முறிந்தது? ஆட்டத்தில் இரும்பு படிகமாகிவிட்டதாம்! பெரிய மனிதர்களே இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

1860 வாக்கில் மான்செஸ்டரில் வில்லியம் ஃபேர்பேர்ன் என்ற பொறியாளரிடம் ஓர் இரும்பு உத்தரம் மாட்டியது. நீர்ச்சக்கரத்தை வைத்து அதன்மேல் ராத்திரி பகலாகப் பாரத்தை ஏற்றி இறக்கினார். ஒடிக்கத் தேவையான பாரத்தில் கால் பங்கு, ஏறக்குறைய ஆறு லட்சம் தடவை. அது அசரவில்லை. கொஞ்சம் கூட்டி இன்னும் நாலு லட்சம். அப்போதும் அசரவில்லை. ஐந்தில் இரண்டு பங்காக்கினார். 5,175 தடவையில் ஒடிந்தது. வேறு ஆளாயிருந்தால் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார். இவர் ஒட்டுப் போட்டு மறுபடி ஏற்றினார்! கால் பங்கில் மேலும் 27 லட்சம் தடவை தாங்கிய அந்த அப்பாவி, மூன்றில் ஒரு பங்கில் 3,13,000 தடவையோடு நிரந்தர ஓய்வு பெற்றது. ஒரே அடியில் சாகாதது, அதில் பாதிகூட இல்லாத அடியைத் திரும்பத் திரும்ப வாங்கினால் சாகும் என்பது அன்று உறுதியானது. இன்று சென்னை தரமணியில் அரசு ஆய்வகமே இந்தக் குத்துவேலையை இயந்திரம் வைத்துச் செய்கிறது.

அடுத்தது கான்கிரீட்டின் முறை. 1960-களில் ஜப்பானில் பாலத் தளங்கள் பொத்தல் விழ ஆரம்பித்தன. ஆய்வகத்தில் ஒரே இடத்தில் குத்திப் பார்த்தால் தளம் கல்லுளிமங்கனாக நின்றது. ஒசாகாவில் மட்சுயி என்ற பேராசிரியர் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டினார். விரிசல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, விளிம்புகள் உரசித் தேய்ந்து, தளம் துண்டாகக் கீழே இறங்கியது. தண்ணீர் விட்டதும் இன்னும் சீக்கிரம். லாரி ஒரே இடத்தில் நின்று குதிக்காது என்று சுருட்டப்பள்ளிப் பக்கத்து நாகலாபுரம் டிப்பர் டிரைவரைக் கேட்டிருந்தால் ஒரு டீ செலவில் சொல்லியிருப்பார். தண்ணீர் என்றால் ஊத்துக்கோட்டைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். பிச்சாட்டூரில் திறந்தாலே முழுகிப்போன பழைய தரைப்பாலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். களைப்பு வருகிற வயதுவரை அது இருந்தால்தானே!

பிறகு கான்கிரீட்டுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத, எடை குறைந்த நார்ப் பிளாஸ்டிக் வந்தது. 1982-இல் பெய்ஜிங் அருகே மியூனில் கண்ணாடி நாரிலேயே 20 மீட்டர் பாலம் கட்டினார்கள். சில வருஷத்தில் மேல்தளம் குழி விழுந்தது. 1987-இல் என்ன செய்தார்கள்? மேலே கான்கிரீட் போட்டார்கள்! கான்கிரீட்டை ஒழிக்க வந்தது அதையே கட்டிக்கொண்டது. இப்போது இந்த ஜோடியை இருபது லட்சம் தடவை அமுக்கிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் நாரும் தாங்குகிறது, கான்கிரீட்டும் தாங்குகிறது. தகராறெல்லாம் நடுவில் தடவிய பசையில்தான்.