90 நாளில் ஃபுல் ஸ்டாக்!

வேளச்சேரி விளக்குக் கம்பங்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. மெக்கானிக்கல் படித்தவர், வங்கி வேலையில் சலித்தவர், மருந்து விற்பனைப் பிரதிநிதி என யாராக இருந்தாலும் 90 நாளில் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் ஆக்கிவிடும் அறிவிப்புகளை வெயிலிலும் மழையிலும் சுமந்து நிற்பவை அவைதானே!

90 நாள் என்பதே கொஞ்சம் தாராளம். 1995-இல் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தையே 10 நாளில் உருவாக்கிவிட்டார். உருவாக்கவே 10 நாள்தான் என்றால், கற்க 9 நாள் போதாதா? மீதி 81 நாளும் பயிற்சி மையத்தின் பெருந்தன்மை.

பாடத்திட்டமும் கச்சிதம். முதலில் எச்.டி.எம்.எல்., அடுத்து சி.எஸ்.எஸ். ஒரு பட்டனைப் பெட்டியின் நட்டநடுவில் நிறுத்துவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். பிறகு ரியாக்ட். நிறைவாக ‘டு-டூ லிஸ்ட்’ செயலி. பேட்ச் மொத்தமும் அதே செயலியை, அதே எழுத்துப்பிழையோடு கிட்ஹப்பில் ஏற்றும். தனித்திறமை தேடும் நிறுவனங்கள் திக்குமுக்காடப் போவது உறுதி.

‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ என்பது பெரிய எழுத்தில். பக்கத்திலேயே ‘உதவி’ என்பது எறும்பு எழுத்தில்.

சந்தேகப்படுபவர்கள் சென்ற பேட்ச்சில் முதலிடம் பிடித்த இளைஞரைப் பார்க்கலாம். படிப்பு முடிந்த மறுவாரமே வேலை. அதே மையம், அதே வெள்ளைப் பலகை, ரியாக்ட் பயிற்றுநர் பதவி. புதிய நோட்டீஸில் அவருக்கு ‘5 ஆண்டு அனுபவம்’.

கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி.