ஐந்துக்கு இரண்டு

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கிடைத்தது. இன்னும் ஆறவில்லை.

பாடம் என்னுடையதில்லை, தம்பி மகளுடையது. பத்தாம் வகுப்பு. நெற்பயிரைப் பற்றி எட்டு வரிப் பாட்டு ஒன்றைக் கொடுத்து, நயம் பாராட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். "உன் பெரியப்பா தமிழ் எம்.ஏ.தானே, அவர்கிட்ட போ" என்று தம்பி அனுப்பிவைத்தான். இந்தக் குடும்பம் என் எம்.ஏ.வை உபயோகித்த முதல் சந்தர்ப்பம் அது. விடுவேனா? ஒரு சாயங்காலம் முழுக்க, இரண்டு காப்பி குடித்து, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மூன்றாவது வரி எதுகைக்காகக் கொண்டுவந்து செருகினது என்றேன். ஐந்தாவது வரியில் கதிர் தலை சாய்கிற இடம், விடியற்காலையில் வரப்பில் நின்றவனுக்கு மட்டும்தான் வரும் என்றேன். சொல்லி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அவள் கொட்டாவி விட்டாள்.

நோட்டு திரும்பி வந்தது. சிவப்பு மையில் இரண்டு குறிப்பு: "உட்தலைப்புகள் எங்கே?", "கவிஞரைக் குறை கூறுதல் கூடாது."

"நான் ரெடியா வெச்சிருந்ததையே எழுதியிருப்பேன் பெரியப்பா" என்றாள். காட்டச் சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் முன்னுரை, திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சுவை, முடிவுரை என்று ஒரு முழு நயம் உட்கார்ந்திருந்தது. எந்தப் பாட்டுக்கு என்று கேட்டேன். "எந்தப் பாட்டு வந்தாலும்." பாட்டின் பெயருக்கு மட்டும் ஒரு கோடு விட்டிருந்தாள், கல்யாணப் பத்திரிகை உறையில் பெயருக்கு இடம் விடுவதுபோல.

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படித்தான் தேறினேன், நீங்களும் அப்படித்தான் தேறினீர்கள். "மிளிர்கிறது" என்ற சொல்லை விடைத்தாளுக்கு வெளியே என்றைக்காவது உபயோகித்திருக்கிறோமா? பொண்டாட்டியிடம் "உன் புடவையில் நிறம் பயின்று வந்துள்ளது" என்று சொன்னவன் உண்டா? சுவை என்ற தலைப்புக்கு வந்ததும் கை தானாக எழுதியது என்ன? பெருமிதம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்லியிருக்கிறார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சந்தேகம் வந்தால் பெருமிதம் என்று போடு என்பதுதான் தமிழ்நாட்டு மாணவர் சமுதாயம் கண்ட ஒன்பதாவது விதி. தாலாட்டுக்கும் பெருமிதம், ஒப்பாரிக்கும் பெருமிதம்.

ஆனால் ஒரு பாட்டை நிஜமாக ரசிப்பது எப்படி என்று எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். தஞ்சாவூரில் நான் படித்த கல்லூரியில், ஒரு மத்தியானம், ஒரே ஒரு வாக்கியத்தில். அதை உங்களுக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன், வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். காயம் பச்சையாக இருக்கிற நேரம். பந்தியில் உட்கார்ந்தேன், இலை விழுந்தது, தண்ணீர் தெளித்தார்கள். அந்த நிமிஷம் பிடித்தது சனி. எனக்கு எதுவும் உணவாகத் தெரியவில்லை, உட்தலைப்பாகத் தெரிந்தது.

முன்னுரை: உப்பு. திரண்ட கருத்து: சோறு. மையக் கருத்தும் சோறுதான், ஆனால் அதில் குழி வெட்டி நெய் விட்டிருந்தது. சாதம், சாம்பார் என முதலெழுத்து ஒன்றி வந்ததால் மோனை நயம். பொரியல், அரிசி என இரண்டாம் எழுத்து ஒன்றியதால் எதுகை நயம். அவியல், பொரியல், துவையல் என்று ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு போனார்களே, அதைவிடச் சுத்தமான இயைபை நான் எந்தப் புலவரிடமும் கண்டதில்லை. இனிப்பு விழுந்த இலையில் பாகற்காயும் விழுந்ததால் முரண்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அணிக்கு வந்துவிட்டேன். சாம்பாரில் வந்த அதே கத்தரிக்காய் அதே கத்தரிக்காயாகவே கூட்டிலும் வந்தது: சொற்பொருள் பின்வருநிலையணி. அவியலில் முருங்கைக்காய் இருப்பதாகப் பக்கத்து இலைக்காரர் சொன்னார், தேடினேன்: இல்பொருள். பாயசத்தை இலையில் ஊற்றினார்கள். அது என்னை நோக்கி ஓடி வந்தது. மேசை சாய்ந்திருந்ததால் ஓடி வந்தது, ஆனால் என் பசி அறிந்து பரிவோடு வந்ததாக நான் எடுத்துக்கொண்டேன். தற்குறிப்பேற்றம். இதற்கு மேல் ஒரு உதாரணம் எந்த உரையாசிரியராலும் தர முடியாது. "போதும்" என்றேன். பரிமாறுகிறவர் "போடும்" என்று எடுத்துக்கொண்டார். இரட்டுற மொழிதல்.

அளபெடையை விட்டுவிட்டால் பாவம். சாம்பார் வாளி கோடியில் இருக்கும்போதே "சாம்பாஅஅர்" என்று குரல் வந்துவிடும். பின்னாலேயே "ரசம்ம்ம்." முன்னது உயிரளபெடை, பின்னது ஒற்றளபெடை. செய்யுளில் ஓசை குறையும்போது நிறைக்க வருவது அளபெடை என்று இலக்கணம். பந்தியிலும் அதேதான். வாளியில் சாம்பார் குறையக் குறையக் குரல் நீண்டது. மூன்றாம் நடை வந்தபோது வெறும் அளபெடைதான் வந்தது, சாம்பார் வரவில்லை.

மெய்ப்பாடு? பெண்ணின் அப்பா பந்தி விசாரிக்க வந்தார்: பெருமிதம். அவர் பின்னாலேயே சமையல் காண்டிராக்டர் வந்தார்: அச்சம். நான் மோர் விட்டுக்கொள்வதற்குள் எனக்குப் பின்னால் ஒருவர் வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்: இளிவரல். கடைசியில் மடக்கணி. இலையை மடக்கிவிட்டு எழுந்தேன்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. ருசி ஒன்றுகூட நாக்கில் நிற்கவில்லை. தலைப்புகள் மட்டும் நிற்கின்றன. அந்தச் சிவப்பு மை ஆசாமியின் மேல் எனக்கு இருக்கிற கோபம் மூன்று மதிப்பெண் கோபம் என்று நினைக்காதீர்கள்.

கல்லூரிக்கு வருகிறேன். எங்கள் அப்பாவுக்கு மூன்று மா நிலம். டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு, இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி, மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். திண்ணையில் உட்கார்ந்து "தேமா, புளிமா, கருவிளம், கூவிளம்" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"எவன் நிலம்டா அது, புளிமா?"

"நிலம் இல்லப்பா, சீர்."

"சீரா? யார் வீட்டுக் கல்யாணத்துக்கு?"

யாப்பிலக்கணம் விவசாயி வீட்டில் படிக்கக்கூடிய விஷயமே இல்லை. அசை, சீர், தளை, அடி, தொடை எதைச் சொன்னாலும் எங்கள் அப்பாவிடம் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. ஒரு ராத்திரி என் சொந்த வெண்பா ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என்னடா தூங்காமல் என்றார். "தளை தட்டுதுப்பா" என்றேன். எங்கள் ஊர் வாயில் ளகரமும் ழகரமும் அண்ணன் தம்பி. "தழை தட்டினா யூரியா போடேன்டா" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். இன்று யோசித்தால், அந்த வெண்பாவுக்குச் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான யோசனை அதுதான்.

வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றில் ஒன்றாக முடியும். இதை அத்தையிடம் சொன்னது என் தப்பு. "கடைசியில காசு வருமா? எவ்வளவு?" என்றாள். இல்லை என்றதும், "அப்ப இத படிச்சு என்னடா ஆகப்போவுது?" என்றாள்.

இந்தக் கேள்வி எங்கள் பக்கத்தில் பெரியவர்களையும் விட்டதில்லை. பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட, 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையரின் அப்பா, மகன் தமிழ் படிப்பதற்காகவே ஊர் ஊராக ஆசிரியர் தேடிக் குடும்பத்தோடு அலைந்தவர். கடைசியில் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1880இல் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அப்போது அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று ஒரு வண்டி நெல்லாக இறக்கினார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டார். உ.வே.சா. சும்மா இருக்கவில்லை. சீவக சிந்தாமணியில் இறங்கினார், 1887இல் அது அச்சில் வந்தது. அவரை முதலியார் கேட்டார், தமிழுக்குச் சிந்தாமணி கிடைத்தது. என்னை அத்தை கேட்டாள், ஒரு சீட்டுக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

நாடகத்துக்கு வருவோம், ஏனென்றால் அந்த வாக்கியம் நாடக வகுப்பில்தான் சொல்லப்பட்டது. மனோன்மணீயம். சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்டது, லிட்டன் பிரபுவின் கதை ஒன்றைத் தழுவியது. தமிழ்த்தாய் வாழ்த்தாக நாம் பாடுவது இந்த நாடகத்தின் தொடக்கத்திலிருந்து எடுத்ததுதான். எங்கள் வகுப்பில் பாத்திரங்கள் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பங்கிடப்பட்டன. அரசைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிற மந்திரி குடிலன், வாயைத் திறந்து யாரும் பார்க்காத ஒரு பையனுக்குப் போனான். எனக்கு வாணி, கதாநாயகியின் தோழி. மீசை அரும்பின முகத்தோடு நாணத்தை ஒப்பித்தேன். எனக்கு முன் வரிசைக்காரன் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடாமல், உரக்கடை ரசீது வாசிக்கிற குரலில், சேர்த்து வாசித்தான்.

இத்தனைக்கும் எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தால் மெலட்டூர். அங்கே நரசிம்ம ஜயந்தியையொட்டி நடக்கிற பாகவத மேளாவில் இன்றைக்கும் ஆண்களே பெண் வேடம் கட்டுகிறார்கள். பிரகலாத சரித்திரம், தெலுங்கு. ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. அம்மா லீலாவதி பிள்ளைக்காக மன்றாடுகிறாள். அவள் ஒரு ஆண் என்பது முதல் கால் மணி நேரத்தில் மறந்துபோகிறது. கோயிலில் பூசையில் இருக்கிற நரசிம்ம முகம் மேடைக்கு வரும்போது விடியப்போகிறது, உட்கார்ந்திருந்த கூட்டம் தானாக எழுந்து நிற்கிறது. எழுந்து நின்ற பிறகுதான் எனக்குத் தோன்றியது, இதில் எந்த இடத்திலும் நான் பென்சிலைத் தேடவில்லை என்று.

அப்பாவையும் நாடகத்தின் பக்கம் இழுத்தேன், ஆனால் வேறு வழியில். பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றைச் சொன்னேன். இரண்டாம் இராசேந்திர சோழன் காலம், பதினோராம் நூற்றாண்டு. கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடும் சாந்திக்கூத்தனுக்கு நாளொன்றுக்கு ஒரு தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம் என்று வெட்டி வைத்திருக்கிறது. அப்பா விரலை மடக்கினார். எங்கள் பக்கத்துக் கணக்கில் இரண்டு கலம் ஒரு மூட்டை. ஆக அறுபது மூட்டை. எங்கள் மூன்று மாவில் நல்ல வருஷத்தில் முப்பது.

"பூச்சி மருந்து செலவும் கிடையாது" என்றார் அப்பா. நெடுநேரம் கழித்து, "நாத்து வுடுற வேலை கூட இல்ல" என்றார்.

அந்த வருஷ அறுவடைக்குப் பிறகு மாரியம்மன் கோயில் திடலில் அரிச்சந்திரா நாடகம். அப்பா முதல் தடவையாக முன்னால் போய் உட்கார்ந்தார். மயான காண்டத்தில், பிள்ளையைச் சுடவும் காசு கேட்கிறானே புருஷன், அந்த இடத்தில் திரும்பிப் பார்த்தேன். துண்டால் முகத்தை மூடியிருந்தார். காலையில் கேட்டதற்கு, பதர் தூசி என்றார். களத்தில் தூற்றி முடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

சரி, அந்த வாக்கியம். மறுநாள் மத்தியான வகுப்பில், குடிலன் தனியாக நின்று பேசுகிற இடத்தை அந்தப் பையன் வாசிக்கத் திணறினான். ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டுத் தானே பேச ஆரம்பித்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற சைக்கிள் ஸ்டாண்டு ஆள்கூட உள்ளே எட்டிப் பார்த்தான். பேசி முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, எங்களைப் பார்த்து அவர் என்ன சொன்னார் என்றால்...

"பெரியப்பா, இன்னொரு அசைன்மென்ட்."

தம்பி மகள். எழுதிக்கொண்டிருந்த காகிதங்களை மேசையிலிருந்து எடுத்து நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். நான் ஆசிரியரை மூக்குக்கண்ணாடியும் கையுமாக நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சாப்பாடு வந்த இடத்தில் சிரித்தாள். உ.வே.சா. வந்த இடத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டினாள். தாத்தா வந்த இடத்தில் தாண்டவில்லை.

"இதுக்கு மையக் கருத்து என்ன பெரியப்பா?"

"இனிமேல்தான் வரணும்."

"உட்தலைப்பும் இல்ல." கடைசித் தாளை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பெருமிதம் என்று சொல்லப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சுவை மட்டும் தெரியுது. வெகுளி, இல்ல?"

கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் சொன்னாள். ஐந்துக்கு மூன்று கொடுத்தேன்.